நைல் நதியின் பதினாறு முழம்

வரலாறு எழுதியோர் அரண்மனையின் வாயில்களை எண்ணினர். அடுக்களையின் தாழிகளை எண்ணினாரில்லை. எந்த மன்னன் எந்தக் கோட்டையை எந்நாளில் பிடித்தான் என்பதை நாம் கிழமையோடு அறிவோம். அக்கோட்டைக்குள் வாழ்ந்த ஒரு சாதாரணக் குடும்பத்தில் எத்தனை மாதத்திற்குத் தானியம் இருந்தது, கடைத்தெரு மூடிக்கிடந்த வாரத்தில் தாய்மார் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தனர் என்பவற்றை அறிய வேண்டுமாயின், பல நூல்களின் ஓரங்களில் தேட வேண்டியிருக்கிறது. அவ்வாறு தேடுவோர்க்கு ஏனைய நாடுகளைவிட மிகுதியாகக் கொடுப்பது மிஸ்று என்று அரபு மக்கள் அழைக்கும் எகிப்து நாடே. யூஸுஃப் நபி (அலை) அவர்கள் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன நாடு அது. வரப்போகும் ஆண்டில் வீட்டில் சோறு இருக்குமா இல்லையா என்பதை ஒரு கல்தூணில் அளந்து பார்த்த நாடும் அதுவே.

கெய்ரோவின் அருகே, நைல் ஆற்றின் நடுவில் ரவ்ளா என்றொரு தீவு உண்டு. அதன் தென்முனையில் ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) அப்பாஸிய கலீஃபா முதவக்கில் காலத்தில் கட்டப்பெற்ற ‘மிக்யாஸ்’ நிற்கிறது. மிக்யாஸ் என்றால் அளவைக் கருவி. கல்லால் கட்டிய ஆழ்ந்த கிணறு. அதன் நடுவே எண்கோணத் தூண். தூணில் முழக் கணக்கும் விரற் கணக்கும் பொறித்திருக்கும். ஆற்று நீர் சுரங்க வழிகளால் கிணற்றுள் புகுந்து தூணில் ஏறும். சுற்றுச் சுவரில் மழையையும் பயிரையும் பற்றிய இறைவசனங்கள் கூஃபி எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளன. ஜூன் இறுதியில் ஏறத் தொடங்கும் வெள்ளம் செப்டம்பரில் உச்சம் காணும். எத்தனை விரல் ஏறியது என்பதை அறிவிப்போன் ஒருவன் நாள்தோறும் தெருத்தெருவாகக் கூவிச் செல்வான். 16 முழம் எட்டிவிட்டால் வயல்கள் நனைந்துவிட்டன, அரசுக்கு வரி கிடைக்கும் என்று பொருள். அதற்கு ‘சுல்தானின் நீர்’ என்றே பெயர். எட்டாவிட்டால் ஊர் கலங்கும். அளவுக்கு மீறி ஏறினாலும் கரையுடைந்து கேடு வரும்.

இந்த ஆறு நமக்கு அந்நியமன்று என்பதை ஈண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வோம். நைல் வெள்ளத்தின் பெரும்பகுதி அபிசீனிய மலைகளில் கோடைப் பருவத்தில் பெய்யும் மழையால் வருவது. இந்தியாவுக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொணரும் அதே பெருங்காற்றோட்டத்தின் கைதான் அம்மலைகளிலும் படுகிறது. ஆகவே இங்கே மழை பொய்த்த ஆண்டுகள் பலவற்றில் அங்கே ஆறும் தாழ்ந்தது. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று நடுக்கத்தோடு சொல்லிவந்த 1876-78 பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டில் நைல் வெள்ளமும் மிகத் தாழ்ந்து போயிற்று. மதராஸ் மாகாணத்துக் குதிரும் மிஸ்று நாட்டுத் தாழியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெறுமையாயின.

இனி, எகிப்தியக் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கைக் கவனிப்போம். வெள்ளம் வடிந்தபின் அக்டோபர், நவம்பரில் கோதுமை விதைப்பர். அறுவடை அடுத்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில். வெள்ளம் ஏறுகிறதா என்று மக்கள் கவலையோடு காத்திருக்கும் ஜூலை, ஆகஸ்டில், அவ்வாண்டின் அறுவடை ஏற்கெனவே களஞ்சியங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆகையால் ஆகஸ்டில் ஆறு தாழ்ந்தது என்றால் பசி வரவேண்டியது அடுத்த கோடையிலேயே. அன்று மாலையில் அன்று. ஆனால் நடந்தது என்ன? அறிவிப்போன் ‘இன்று ஏறவில்லை’ என்று கூவிய அன்றே சந்தையில் கோதுமை மறைந்தது. நாட்டில் தானியம் இருக்கும்போதே வீடுகளில் பசி புகுந்தது.

இதனை நன்கு உணர்ந்தவர் ஃபாத்திமிய கலீஃபா முஇஸ். ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) எகிப்துக்கு வந்து சேர்ந்த அவர், அவ்வாண்டே ஓர் ஆணை பிறப்பித்தார். நைல் 16 முழம் எட்டும் வரையில் அதன் அளவை யாரும் வெளியில் கூவலாகாது. அளப்போர் தமக்கும் தளபதி ஜவ்ஹருக்கும் மட்டும் எழுதி அறிவிக்க வேண்டும். 16 முழம் நிறைந்தபின் ஊருக்குச் சொல்லலாம். இச்செய்தியைத் தரும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி இதனை வெகுவாகப் பாராட்டுகிறார். ஆறு ஓரிரு நாள் தயங்கினாலும் தானியம் வைத்திருப்போர் விலையேற்றத்தை எதிர்நோக்கி விற்பனையை நிறுத்துவர். பணம் வைத்திருப்போர் கிடைத்ததையெல்லாம் வாங்கி வைக்க ஓடுவர். இவ்விரண்டும் சேர்ந்து, ஆறு பின்னர் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், விலையை ஏற்றிவிடும் என்பது அவர் விளக்கம்.

மக்ரீஸியின் பாராட்டை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. உண்மையை மறைத்து அமைதி காப்பது ஆள்வோர்க்கு எளிது. ஆனால் அடுத்த ஆண்டிற்காக ஏற்பாடு செய்துகொள்ளும் வாய்ப்பையும் அது குடிமக்களிடமிருந்து பறிக்கிறது. ஆயினும் அவ்வாணைக்கு அடியில் கிடக்கும் கணிப்பு சரியானதே. அறுவடை மலிந்த மே மாதத்தில், எவரும் அஞ்சாத வேளையில், தன் ஓராண்டுக் கோதுமையை வாங்கி வைத்த வீட்டுக்கு ஆகஸ்டு மாதத்து அறிவிப்போனின் குரலால் யாதொரு கலக்கமும் இல்லை. அந்த வீடு சந்தைக்கு ஓடாது. ஓடாமையால் பக்கத்து வீட்டுக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்கும். அதே கோதுமையை ஆகஸ்டில் வாங்கச் சென்றால் அது பிறர் வாயிலிருந்து எடுப்பதாகிவிடும். பொருள் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். மாதம் மாறியதால் செயலின் தன்மையே மாறிவிட்டது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்வேற்றுமையை நன்றாகவே வரையறுத்துள்ளன. தவக்குல் உள்ளவன் நாளைக்கென்று எதையும் வைக்கலாகாது என எண்ணுவோர் இன்றும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டங்களின் விளைவிலிருந்து தம் குடும்பத்தார்க்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்தார்கள் என உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களின் போர்க்கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது என்பதும் அதே நூலில் உள்ளதே. ஒதுக்கி வைத்தது தேவையுடையோர் வரவர ஆண்டு முடியுமுன்னரே செலவாகிவிட்டது என்று விரிவுரையாளர்கள் இரண்டையும் இணைத்துக் காட்டுவர். நம் கடற்கரையூர் மத்ரஸாக்களில் மின்ஹாஜ் ஓதியோர்க்கு நன்கு அறிமுகமான இமாம் நவவி (ரஹ்), முஸ்லிம் ஷரீஃபின் விரிவுரையில் தடைசெய்யப்பட்ட ‘இஹ்திகார்’ எது என்று விளக்குகிறார்கள். விலையேறிய காலத்தில் உணவுப்பொருளை வணிகத்திற்காக வாங்கி, மேலும் ஏறட்டும் என்று அடைத்து வைப்பதே பதுக்கல். தன் நிலத்து விளைச்சலை வைத்திருப்பதும், மலிந்த காலத்தில் வாங்கி வைப்பதும், தன் வீட்டார் உண்பதற்கென வாங்குவதும் அதில் சேரா. இந்த ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டு இமாமின் வரையறையையும் முஇஸின் ஆணையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதற்கு உரையெழுதியது போல் தோன்றும்.

அக்கால வீடுகள் உண்மையிலேயே அவ்வாறு சேமித்தனவா? சேமித்தன. பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் உள்ள ஒரு யூத ஆலயத்தின் அறையில், எழுதிய தாளை எறியலாகாது என்ற மரபினால் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து கிடந்த காகிதங்கள் 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கெனீஸா என்று பெயர்பெற்ற அக்குவியலில் மன்னர் கதை குறைவு. சமய ஏடுகளோடு வீட்டுக் கணக்கு, கடிதம், மணமுறிவு ஒப்பந்தம் முதலிய அன்றாட ஆவணங்களும் அதில் உண்டு. அவ்வன்றாட ஆவணங்களில் பெரும்பாலானவை அரபு மொழியில், எபிரேய எழுத்தில் அமைந்தவை. எழுதியோர் யூதராயினும் முஸ்லிம் அண்டை வீட்டாரோடு ஒரே சந்தையில் வாங்கி வாழ்ந்தோர். ஓரளவு வசதியுள்ள குடும்பம் ஆண்டுக்கு வேண்டிய கோதுமையை மொத்தமாக வாங்கி வீட்டில் வைத்து, சிறிது சிறிதாக ஆலையில் அரைத்து, மாவை வீட்டில் பிசைந்து, பொது அடுப்புக்கு அனுப்பிச் சுட்டு வாங்கியதை இக்கடிதங்கள் காட்டுகின்றன. கோதுமை வாங்கியாயிற்றா என்று பயணத்திலிருந்து மனைவியையோ உறவினரையோ கேட்கும் கணவரும் அவற்றில் உண்டு. விறகு அரிதான நாடு ஆகையால் அடுப்பை மட்டும் ஊர் பொதுவில் வைத்துக்கொண்டது. தானியத்தை அவரவர் வீட்டில் வைத்துக்கொண்டனர். இது நல்ல பங்கீடு என்றே நமக்குப் படுகிறது.

ஹிஜ்ரி 439 முதல் 441 வரையில் (கி.பி. 1047-1050) எகிப்தில் தங்கிய பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ வீடுகளை மேலிருந்தும் பார்த்திருக்கிறார். பல அடுக்கு வீடுகளின் மேல்தளங்களில் தொட்டிகளில் மரம் வளர்த்ததையும், ஒட்டகங்களில் ஏற்றிவந்த ஆற்று நீரையே ஊர் குடித்ததையும் எழுதுகிறார். ஒட்டகம் புகாத சந்துகளில் மனிதரே தோற்பையிலும் செம்புக் குடத்திலும் நீர் சுமந்தனர். அவர் தரும் இன்னொரு செய்தி முக்கியமானது. ஓராண்டு நைல் குறைந்து தானியம் விலையேறியபோது, வஸீர் ஒரு பெருவணிகரை அழைத்து, ரொக்கமாகவோ கடனாகவோ எவ்வளவு தானியம் தரமுடியும் என்று கேட்டாராம். ஆறு ஆண்டுகளுக்கு இந்நகரின் ரொட்டிக்குப் போதுமானது தம்மிடம் உண்டு என்றார் வணிகர். நாஸிர் குஸ்ரூ இதை நாட்டின் செழிப்புக்கும் ஆட்சியின் நீதிக்கும் சான்றாக வியந்து எழுதுகிறார். ஒரு நகரத்தின் ஆறாண்டு உணவு ஒரே மனிதரின் பூட்டுக்குள் இருந்ததை நாம் அவ்வாறு வியக்க இயலவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நடந்தது நம் பக்கம் சாட்சி சொல்லும்.

அந்நாளில் அரசும் தன் பங்குக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் தீனாருக்குத் தானியம் வாங்கிக் களஞ்சியத்தில் வைக்கும் வழக்கம் இருந்தது. விலை ஏறினால் அதைத் திறந்து விற்கலாம். கலீஃபா முஸ்தன்ஸிரின் வஸீரும் காழியுமான யாஸூரி, ஹிஜ்ரி 444ஐ ஒட்டி இதனை மாற்றினார். தானியம் மலிந்தால் நட்டம், வைத்தால் புழு. அதற்குப் பதில் மரம், சோப்பு, இரும்பு, ஈயம், தேன் போன்ற கெடாத சரக்கை வாங்கி வைத்தால் இலாபம் உறுதி என்று அவர் எடுத்துரைத்தார். கலீஃபா இசைந்தார். கணக்கேட்டின்படி யாஸூரி கூறியது தவறன்று. ஆனால் ஹிஜ்ரி 446-47இல் நைல் மீண்டும் தாழ்ந்தபோது களஞ்சியத்தில் சோப்பும் ஈயமும் இருந்தன; கோதுமை இல்லை. உடனே கான்ஸ்டன்டிநோபிளுக்குத் தூது போயிற்று. நான்கு லட்சம் இர்தப்பு தானியம் தர பைஸாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் இணங்கினார். ஆனால் அனுப்புமுன் 1055இல் இறந்தார். அவருக்குப் பின் அரியணை ஏறிய அரசி தியோடோரா, படையுதவி தருவதாக ஒப்பந்தம் செய்தாலன்றி அனுப்ப இயலாது என்றார். கெய்ரோ மறுத்தது, கப்பல்கள் வரவில்லை. யாஸூரி திறமையானவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பணம் கொடுத்து விளைச்சலைக் கைப்பற்றியிருந்த வணிகர்க்கு அவர்கள் பணத்தையும் அதன்மேல் ஓர் இலாபத்தையும் கொடுத்து, தானியத்தை மீட்டு, நாள்தோறும் அளந்து இரு நகரங்களுக்கும் பகிர்ந்து, அடுத்த அறுவடை வரும்வரை தாங்கினார். ஹிஜ்ரி 450இல் அவர் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வஸீர்கள் அடிக்கடி மாறினர்.

பிறகு வந்ததே ‘அஷ்ஷித்தத்துல் முஸ்தன்ஸிரிய்யா’ என்று அரபு வரலாறு பெயரிட்ட பெருந்துன்பம். ஹிஜ்ரி 457 முதல் 464 வரை (கி.பி. 1065-1071), ஏழாண்டு. ஆறு மட்டும் அதற்குக் காரணமன்று. துருக்கியப் படையும் சூடானியப் படையும் தமக்குள் போரிட்டன. வாய்க்கால்களைத் தூர்வார ஆளில்லை. வழிப்பறிக்கு அஞ்சி உழவர் விதைப்பை விட்டனர். ஆறு நிறைந்த இடத்திலும் உழுவோன் இல்லை. விளக்குத் தெருவில் ஒரு ரொட்டி ஏலத்தில் 15 தீனாருக்குப் போயிற்று என்கிறார் மக்ரீஸி. கலீஃபாவைக் காணக் கோவேறு கழுதையில் வந்த வஸீர், வாயிலில் அதை விட்டு உள்ளே சென்று திரும்புவதற்குள் மக்கள் அதைக் கொண்டுபோய் உண்டுவிட்டனர்.

அக்காலத்துப் பெண்மணி ஒருவரின் கதையை மக்ரீஸி தருகிறார். பெரும் செல்வக் குடியினரான அவரிடம் ஆயிரம் தீனார் பெறுமான கழுத்தணி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று, இதற்கு ஈடாக மாவு தருவீரா என்று கேட்டார். கதவுகள் மூடின. கடைசியில் ஒருவர் இரங்கி ஒரு மூட்டை மாவு தந்தார். ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோ வரும் வழியில் கொள்ளைக்கு அஞ்சி, காவலாகச் சிலரை அமர்த்தி, அவர்க்கும் அதிலேயே கூலி அளந்தார். ஸுவைலா வாயிலை அடைந்து காவலரை அனுப்பியபின் சில அடி தூரம் நடந்தார். கூட்டம் பாய்ந்து மூட்டையைப் பறித்தது. அந்தக் கூட்டத்தோடு தாமும் கைநீட்டி இரு கைகள் அள்ளியது மட்டுமே அவருக்கு மிஞ்சியது. அதைப் பிசைந்து சுட்டு, அரண்மனை வாயிலில் ஓர் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, அந்த ஒரு ரொட்டியை உயர்த்திப் பிடித்து, நம் தலைவரின் நல்லாட்சியால் இது எனக்கு ஆயிரம் தீனாருக்குக் கிடைத்தது, அவருக்காக துஆச் செய்யுங்கள் என ஊரார்க்குக் கேட்கும்படி ஏசினார். செய்தி உள்ளே எட்டியது. கலீஃபா நகரக் காவல் தலைவரை அழைத்துக் கடுமையாக எச்சரிக்க, அவர் ஒரு தந்திரம் செய்தார். கொலைத் தண்டனைக்கென இருந்த கைதிகளுக்கு வணிகர் உடை அணிவித்து, தானிய வணிகர் எல்லாரும் கூடியிருந்த சபையில் அவர்களைப் ‘பதுக்கியோர்’ என்று பழித்து ஒவ்வொருவராக வெட்டுவித்தார். உண்மை வணிகர் நடுங்கிக் களஞ்சியங்களைத் திறந்தனர். களஞ்சியங்களில் தானியம் இருந்தது! அப்பெண்மணி கதவு கதவாகத் தட்டிய நாளிலும் அது அங்கேதான் இருந்தது.

நகையைச் சேர்த்து வைத்தால் ஆபத்துக்கு உதவும் என்று நம் இல்லங்களிலும் சொல்வதுண்டு. ஒரு வீட்டுக்கு மட்டும் ஆபத்து வந்தால் அது உதவும். ஊருக்கே வந்தபோது ஆயிரம் தீனார் இரண்டு கை மாவாயிற்று.

அரண்மனையும் தப்பவில்லை. புத்தகங்களும் ஆபரணங்களும் படையினரின் சம்பளத்திற்கென விற்கப்பட்டு வெளியேறின. முஸ்தன்ஸிர் கடைசியில் வெறும் பாயில் அமர்ந்திருந்தார். அந்நாளில் ஒரு ஷரீஃபா, அதாவது நபிகுலத்துப் பெண்மணி, தம் வீட்டிலிருந்து நாள்தோறும் அனுப்பிய ஒரு கிண்ணம் ரொட்டித் துணுக்கு உணவே அவருக்கு ஆகாரம் என்று நூல்கள் கூறும். அந்த அம்மையார் ஏழாண்டுத் துன்பத்தில் தம் வீட்டில் எதை, எங்கே, எவ்வளவு வைத்திருந்தார் என்பதை எவரும் எழுதவில்லை. பதர் அல்ஜமாலி படையோடு வந்து ஆட்சியை நேர்செய்த ஹிஜ்ரி 466ஐப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினர்.

ஹிஜ்ரி 596இல் (கி.பி. 1200) ஆறு 12 முழம் 21 விரலோடு நின்றுவிட்டது. பக்தாதிலிருந்து வந்து கெய்ரோவில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அதனைக் கண்ணால் கண்டு எழுதினார். அவர் எழுதியவற்றில் சில பக்கங்களைக் குடும்பத்தார் கூடிப் படிக்கும் இதழில் எடுத்துரைக்க நமக்கு மனமில்லை. அரசுப் பதிவேட்டில் ஏறிய பிணங்கள் மட்டும் 22 மாதத்தில் ஒரு லட்சத்துப் பதினோராயிரம். பதியப்படாதோர் அதற்கு மேல். வீட்டு வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அவர் தரும் ஒரு சிறு செய்தியும் உண்டு. முட்டைகளைச் சூட்டறையில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் கலையில் எகிப்தியர் தேர்ந்தவர். எங்கும் கோழி மலிந்த நாடு. அந்நாட்டில் கோழி இனமே அற்றுப்போய், ஷாமிலிருந்து கொண்டுவந்து விற்றனராம். முட்டையிடும் கோழியை உண்ட வீடு அடுத்த மாதத்தையும் சேர்த்து உண்டுவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மாறாக ஒன்றைக் காண்பது ஹிஜ்ரி 662இல் (கி.பி. 1264). விலையேறிய அவ்வாண்டில் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ், அரசுக் களஞ்சியத்திலிருந்து ஏழைகட்கும் கைம்பெண்கட்கும் சிறு சிறு அளவில் மட்டுமே தானியம் விற்கச் செய்தார். அத்தோடு நில்லாமல், கோட்டையின் கீழே ஏழைகளைக் கூட்டி, பெயரெழுதி, ஒரு பகுதியினரைத் தாம் ஏற்று, மற்றோரைத் தம் மகனுக்கும் அமீர்களுக்கும் செல்வர்க்கும் வணிகர்க்கும் பகிர்ந்தளித்தார். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு வந்தோர்க்கு மூன்று மாதம் உணவளிக்க வேண்டும். சேமித்த வீடுகளின் மேல் அவர் படையை ஏவவில்லை, விருந்தினரை ஏவினார். புது விளைச்சல் வரும்வரை நகரம் தாங்கியது.

இவை யாவற்றையும் நமக்குத் திரட்டித் தந்த மக்ரீஸியும் ஏட்டறிவு மட்டும் கொண்டவரல்லர். ஹிஜ்ரி 801இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக, அதாவது சந்தையின் அளவையும் விலையையும் கண்காணிப்பவராக இருந்தவர். ஹிஜ்ரி 806இல் தொடங்கிய பஞ்சமும் நோயும் நாட்டை வாட்டியபோது தம் மகளை இழந்தார். ஹிஜ்ரி 808 முஹர்ரம் மாதத்தில், எகிப்தின் பஞ்சங்களைப் பற்றிய ‘இகாஸத்துல் உம்மா’ என்னும் நூலை ஒரே இரவில் ஒழுங்குபடுத்தியதாக அவரே கூறுகிறார். விதியென்றும் வானமென்றும் சொல்லி அவர் கைகழுவவில்லை. இலஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவது, நிலக்குத்தகை ஏற்றம், வெள்ளி மறைந்து செப்புக்காசு பெருகியது என மூன்று காரணங்களை எண்ணிச் சொன்னார்.

அஸ்வான் உயர் அணை 1970இல் நிறைவுற்றபின் எகிப்தில் வெள்ளம் என்பதே இல்லையாயிற்று. ரவ்ளாத் தீவின் கிணற்றில் நீர் ஏறுவதில்லை. காண வருவோர் படிக்கட்டில் இறங்கித் தூணைத் தொட்டுப் பார்க்கின்றனர். ஆனால் மக்கள் பெருகியமையால், உலகில் மிகுதியாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளுள் ஒன்றாக எகிப்து ஆகியது. அதில் பெரும்பகுதி ரஷியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும், முன்பு தியோடோரா தடுத்த அதே கான்ஸ்டன்டிநோபிள் நீர்வழியாகவே வந்துகொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அவ்விரு நாடுகளுக்குமிடையே போர் மூண்டதும் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. கெய்ரோவில் ரொட்டி விலை ஏறி, மார்ச்சில் அரசு விலை நிர்ணயம் செய்ய நேர்ந்தது. அவ்வாண்டு அறுவடையில் ஒவ்வொரு ஃபத்தான் நிலத்திற்கும் குறைந்தது 12 இர்தப்பு கோதுமையை அரசுக்கு விற்றாக வேண்டும் என உழவர்க்கு ஆணை பிறந்தது. யாஸூரி காலத்து அளவையின் பெயர் அதுவே. இன்றும் அதனால்தான் அளக்கின்றனர்.